கடலடிப் பாரும் கரைவாழ்வும்: விழிஞ்ஞத்தில் ஆவணப்படத் தொழில்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விழிஞ்ஞம், ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கி, பாண்டியரும் சோழரும் மாறிமாறிப் படையெடுத்த ஊராகி, பின்னர் மீன்பிடி ஊராகச் சுருங்கி, 2025 மே 2 அன்று பெருங்கப்பல்கள் வந்து பெட்டகங்களை மாற்றிச் செல்லும் பன்னாட்டுத் துறைமுகமாக முறைப்படி திறந்துவைக்கப்பட்ட இடமாகும். இவ்வளவு நீண்ட வரலாறு கொண்ட கரையைப் பற்றிய படக்காட்சிகள் கடந்த பத்தாண்டுகளில் பெருகியிருந்தாலும், அவற்றுள் பெரும்பங்கு போராட்ட நாள்களிலும் பேரிடர் நாள்களிலும் எடுக்கப்பட்டவையே. அந்த நாள்களுக்கு இடைப்பட்ட சாதாரணப் பொழுதுகள், அதாவது எந்த வாழ்வுக்காக மக்கள் போராடினார்களோ அந்த வாழ்வு, மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையில் படக்குழுக்களோடு பணியாற்றிய இக்கட்டுரையாளரின் துணிபு, போராட்டத்தன்று வந்து சேரும் கேமரா எப்போதும் தாமதமாகவே வருகிறது என்பதும், கரைமக்களின் படம் அவர்களுடைய தொழிலைக் கற்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் ஆகும்.

ஆவணப்படம் என்பது நடிகரையும் அரங்கமைப்பையும் நம்பாமல், உண்மையான மனிதரையும் இடத்தையும் நிகழ்வையும் கொண்டு கட்டப்படும் திரைப்படம். இவ்வகைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1926-இல் ஒரு பட மதிப்புரையில் கையாண்டு நிலைபெறச் செய்த ஜான் கிரியர்சன், தாமே இயக்கிய முதற்படமான ‘டிரிஃப்டர்ஸ்’ (1929) வாயிலாக வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்போரின் உழைப்பைக் காட்டினார். எனவே இக்கலையின் தொடக்கத்திலேயே மீனவர் இருக்கிறார் என்பது கரைமக்கள் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. ஆனால் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1934-இல் எடுத்த ‘மேன் ஆஃப் ஆரன்’ படத்தில், அயர்லாந்தின் ஆரன் தீவினர் பல தலைமுறைகளுக்கு முன்பே கைவிட்டுவிட்ட சுறா வேட்டையை அவர்களுக்கு மீண்டும் கற்பித்து நடிக்கவைத்தார் என்பதும், அன்று அவர்களை உண்மையில் வருத்திய நில உரிமைச் சிக்கல்கள் படத்தில் இடம்பெறவில்லை என்பதும் இத்துறையில் தொடர்ந்து பேசப்படும் குறைகள். அழகான அலைக்காட்சி கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணும் படக்குழு விழிஞ்ஞத்திலும் அதே குழியில் விழக்கூடும். ஒரு வட்டாரத்தின் மக்களை, அவர்களுடைய பேச்சிலும் பருவத்திலும் உரிமைப் போராட்டத்திலும் வைத்துக் காட்டுவதையே இங்கு வட்டார ஆவணப்படம் என்று குறிப்பிடுகிறோம்.

இப்படிப்பட்ட படங்களுக்குக் கேரளத்தில் வலுவான மரபு உண்டு. இயக்குநர் ஜான் ஆபிரகாமைச் சுற்றி 1984-இல் கோழிக்கோட்டில் உருவான ஒடேசா கூட்டமைப்பு, ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் திரட்டிய சிறு தொகைகளால் ‘அம்ம அறியான்’ (1986) என்ற கதைப்படத்தை எடுத்தது. முதலாளியும் விநியோகஸ்தரும் இல்லாமல் படம் எடுக்கவும் காட்டவும் முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த சி. சரத்சந்திரன் அந்த வழியில் வெகுதூரம் சென்றவர். பி. பாபுராஜுடன் இணைந்து சாலியாற்று மாசைப் பற்றியும் சைலண்ட் வேலியைப் பற்றியும் படங்களை எடுத்த அவர், பிளாச்சிமடையில் கொக்கோகோலா ஆலைக்கு எதிராகப் பழங்குடி மக்கள் 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ‘ஆயிரம் நாள்களும் ஒரு கனவும்’ என்ற பொருள்படும் தலைப்பில் படமாக்கினார். தம் படங்களையும் பிறர் படங்களையும் திரையிடுகருவியோடு தாமே சுமந்து சென்று பள்ளிகளிலும் தெருமுனைகளிலும் காட்டியதே அவருடைய தனிச்சிறப்பு. 2010-இல் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து அவர் மறைந்தபோது கேரளத்தின் போராட்டக் களங்கள் ஒரு படைப்பாளியோடு படம் காட்டுபவரையும் இழந்தன. எடுப்பவரும் காட்டுபவரும் ஒருவராகவே இருந்தால் படத்தின் தொகுப்பே மாறிவிடுகிறது என்பதைச் சரத்தின் படங்களை நுணுகிப் பார்ப்போர் உணரலாம், ஏனெனில் எந்த இடத்தில் ஊர்க்கூட்டம் முணுமுணுக்கும், எந்த இடத்தில் எழுந்து போகும் என்பதை அறிந்தவரின் கத்தரி அவற்றில் தெரிகிறது.

மீனவரை நேரடியாகப் பொருளாகக் கொண்ட படங்களில் ஆனந்த் பட்வர்தனின் ‘ஃபிஷிங்: இன் த சீ ஆஃப் கிரீட்’ (1998) குறிப்பிடத்தக்கது, பெருங்கப்பல்களால் கடல் வாரப்படுவதை எதிர்த்து எழுந்த தேசிய மீன்தொழிலாளர் பேரவையின் இயக்கத்தைச் சொல்லும் அப்படத்தின் பின்னணியில், விழிஞ்ஞத்திற்கு வடக்கே உள்ள பூந்துறையில் பங்குத்தந்தையாக இருந்த தாமஸ் கோச்சேரி போன்றோர் வளர்த்த தொழிற்சங்க மரபு நிற்கிறது. தமிழ்நாட்டின் பக்கம், ஆர்.பி. அமுதன் தம்முடைய ‘கதிரியக்கக் கதைகள்’ வரிசையின் முதற்பகுதியை, விழிஞ்ஞத்திலிருந்து அதே கரையில் தெற்கே இறங்கினால் வரும் மணவாளக்குறிச்சியின் மணல் ஆலையையும் அதைச் சுற்றியுள்ள நோயாளிகளையும் வைத்து எடுத்தார். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்த நிகழ்வை ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்ற படமாகப் பதிவு செய்தார். மாநில எல்லை 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்டதே தவிர, கடலின் நீரோட்டமும் மீனவரின் உறவுமுறையும் அக்கோட்டில் நின்றுவிடவில்லை; ஆகவே இவ்விரு மாநிலப் படங்களையும் ஒரே கரையின் படங்களாகச் சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும்.

விழிஞ்ஞம் துறைமுகத்திற்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் கையெழுத்தாகி, அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று கட்டுமானம் தொடங்கியது. கரைக்கு அருகிலேயே 18 மீட்டருக்கு மேற்பட்ட இயற்கை ஆழமும், பன்னாட்டுக் கப்பல் வழித்தடத்திலிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவும் அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப்பட்ட காரணங்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலில் கல்லைக் கொட்டி அலைதடுப்பு, அதாவது துறைமுகத்தினுள் நீரை அமைதியாக வைத்திருக்கும் நெடுஞ்சுவர், எழுப்பப்பட்டது. வடக்கே கரை அரிக்கப்பட்டு வீடுகள் விழுவதற்கு இக்கட்டுமானமே காரணம் என்று கூறி, திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் 2022 ஆகஸ்ட் 16 முதல் முல்லூரில் உள்ள துறைமுக வாயிலை மறித்தனர். நவம்பர் இறுதியில் மோதலும் காவல் நிலையத் தாக்குதலும் நிகழ்ந்தன. டிசம்பர் 6 அன்று போராட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. இந்த நான்கு மாதங்களில் அங்கே கேமராவுக்குக் குறைவே இல்லை. ஆயினும் அக்காட்சிகளைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவர் கொடியையும் முழக்கத்தையும் தடுப்புவேலியையும் கண்டாலும், முழங்குபவர் எந்த வலையை எந்தப் பருவத்தில் எங்கே போடுகிறார், அந்த இடம் இனி அவருக்கு ஏன் கிடைக்காது என்பதை அவற்றிலிருந்து அறிந்துகொள்ள முடியாது. இழப்பின் அளவைக் காட்டாத படம் எதிர்த்தரப்பை மட்டுமல்லாமல் நடுநிலையாளரையும் அசைப்பதில்லை.

ஆகவே தொழிலைக் கற்பதற்குத் திரும்ப வேண்டும். விழிஞ்ஞத்தின் ஆண்டில் மிக முக்கியமான பொழுது, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையுள்ள தென்மேற்குப் பருவமழைக் காலம். கேரளக் கரையின் பிற ஊர்களில் அலை உயர்ந்து படகு இறக்க முடியாமல் போகும்போது, 1962-இல் தொடங்கிக் கட்டம் கட்டமாக அமைக்கப்பட்ட மீன்பிடித் துறைமுகத்தின் கற்சுவர்களுக்குள் நீர் அடங்கியிருப்பதால், அக்கம்பக்கத்துக் கரைகளிலிருந்து படகுகள் இங்கு வந்து குவிகின்றன. இழுவைப் படகுகளுக்கு மாநில அரசு விதிக்கும் 52 நாள் தடையும் இதே காலத்தில் அமைவதால், நாட்டுப்படகினர் பிடிக்கும் கணவாவுக்கும் வாளைக்கும் நெத்தோலிக்கும் நல்ல விலை கிடைக்கிறது. பெரும்பாலான படக்குழுக்கள் மழைக்கு அஞ்சி ஒதுங்கும் அந்த மூன்று மாதங்களே ஊரின் பொருளாதாரத்தை நிறுத்திப்பிடிக்கும் மாதங்கள் என்பதால், மழைக்காலம் இல்லாத விழிஞ்ஞப் படத்தில் விழிஞ்ஞமே இல்லை எனலாம். உப்புக்காற்றும் மழையும் ஒருசேர வீசும்போது லென்ஸைத் துடைப்பதற்கென்றே ஒருவரை நிறுத்த வேண்டியிருக்கும். மேற்கு நோக்கிய கரையாதலால் விடியலில் வெளிச்சம் முதுகுப்புறத்திலிருந்து தாமதமாக வரும், மீன் இறங்கும் நேரமோ அந்த அரையிருளிலேயே தொடங்கிவிடும். இவற்றை இடையூறுகளாகக் கருதாமல் அந்தத் தொழிலின் இயல்புகளாக ஏற்று, இருளையும் ஈரத்தையும் படத்தில் தங்கவிடுவதே சரி.

கரமடி இழுப்போர், அதாவது கரையிலிருந்து வலையின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைப் படகில் வளைத்துக் கொண்டுவந்து இருபக்கமும் நின்று இழுக்கும் கூட்டத்தினர், மணற்கரையை நம்பியவர்கள். மணல் இல்லையென்றால் அந்தத் தொழிலே இல்லை. பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பியை மூழ்கிச் சென்று பெயர்த்தெடுப்போர் பாறையை நம்பியவர்கள். துறைமுகத்திற்காக இழப்பீடு பெற்ற பிரிவினருள் இவ்விருவரும் உண்டு. இழப்பீட்டுப் பட்டியல்கள் பெயரையும் தொகையையும் பதிவு செய்யும். மூச்சை அடக்கிய ஒருவர் நுரைக்கடியில் எவ்வாறு பாறையின் விளிம்பைத் தடவி அறிகிறார் என்பதை எந்தப் பட்டியலும் பதிவு செய்யாது. மீனைச் சருவத்தில் சுமந்து நகரத்துத் தெருக்களுக்குச் செல்லும் பெண்கள் இன்னொரு பிரிவினர். கரையில் படமெடுக்கும் ஆண்கள் ஏலம் முடிந்ததும் கேமராவை மூடிவிடுவது வழக்கமாகையால், அப்பெண்களின் பாதி நாள் எந்தப் படத்திலும் வருவதில்லை. அவர்களோடு பேருந்திலும் நடையிலும் சென்று, விலை பேசப்படும் திண்ணை வரை பின்தொடர்ந்தால்தான் ஒரு மீனின் விலையில் யாருக்கு எவ்வளவு சேருகிறது என்பது காட்சியாகக் கிடைக்கும்.

கடலின் மேற்பரப்பை மட்டும் காட்டும் படம் மீனவரின் கடலைக் காட்டுவதாகாது. கடலடியில் பாறைகளும் பவளமும் செடிகளும் சேர்ந்து மீன் கூடும் திட்டுகளை இக்கரையினர் ‘பார்’ என்கின்றனர். ஒவ்வொரு பாருக்கும் பெயருண்டு, கண்டறிந்தவரின் பெயராலோ அதன் தன்மையாலோ அமைந்த பெயர். கருவி எதுவும் இல்லாமல் அந்த இடத்தைக் கண்டடையும் முறைக்குக் கணிச்சம் என்று பெயர். கடலில் நிற்பவர் கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரு அடையாளங்களை, எடுத்துக்காட்டாக ஒரு தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள மலைமுகட்டையும், ஒரே கோட்டில் வருமாறு பார்க்கிறார். வேறொரு திசையில் அதேபோல் இன்னொரு கோட்டையும் பிடிக்கிறார். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே அவர் தேடும் இடம். இதைப் படமாக்க வேண்டுமானால் கேமரா படகில் ஏறி, மீனவர் நிற்குமிடத்தில் நின்று, கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கடற்கரைப் படங்களில் தொண்ணூறு விழுக்காடு கரையிலிருந்து கடலைப் பார்ப்பவை என்று சொன்னால் மிகையாகாது. கணிச்சத்தைக் கற்ற படக்குழு மட்டுமே பார்வையின் திசையை மாற்றுகிறது. அப்படி மாற்றியவர்களுக்குத்தான், துறைமுகத்தின் உயர்ந்த பாரந்தூக்கிகள் பழைய அடையாளங்களை மறைத்தும் புதிய அடையாளங்களாக அமைந்தும் நிற்பது கண்ணில் படும்.

இந்தப் பணியில் வெளியூர்க் குழுக்களைவிட முன்னே சென்றவர்கள் கரைமக்களே என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மீனவக் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் பனிப்பிள்ளை தொடங்கிய ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்’ என்னும் அமைப்பு, மூச்சுக்கருவி அணிந்து மூழ்கும் பயிற்சியை மீனவ இளைஞர்களுக்கு வசப்படுத்தி, திருவனந்தபுரம் கரைக்கு அப்பாலுள்ள பார்களையும் அவற்றில் வாழும் உயிர்களையும் நீரடிக் கேமராவால் பதிவு செய்து வந்திருக்கிறது. முதியவர் சொல்லும் பெயரையும் கணிச்சத்தையும் கொண்டு இடத்தைக் கண்டு, மூழ்கிப் படமெடுத்து, அப்படத்தை அதே முதியவரிடம் காட்டிச் சரிபார்க்கும் இம்முறையில், வாய்மொழி அறிவும் காட்சிச் சான்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. கடலடி வெறும் மணல் என்று எவரேனும் எழுதினால், நாளும் இடமும் குறித்த காட்சியால் அதை மறுக்கலாம். ஆவணப்படத்தில் உள்ள ‘ஆவணம்’ என்ற பகுதிக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

கரை அரிப்பைப் பதிவு செய்வதிலும் இதே ஒழுங்கு தேவை. பத்திரிகையாளர் கே.ஏ. ஷாஜியின் ‘ஸ்டோலன் ஷோர்லைன்ஸ்’ போன்ற படங்கள் வலியதுறை, சங்குமுகம் பகுதிகளின் இழப்பைப் பரவலாகக் கவனிக்கச் செய்தன. வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் பழைய கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த நிலை கேரளத்திற்கே தலைக்குனிவானது. எனினும் விழுந்த வீட்டைக் காட்டும் காட்சி, அது எதனால் விழுந்தது என்பதைத் தானாக மெய்ப்பித்துவிடாது. அலை சாய்வாக வந்து மோதும்போது மணல் கரையோரமாக நகர்கிறது. பருவத்துக்குப் பருவம் அந்நகர்வின் திசை மாறுகிறது. குறுக்கே சுவர் எழுந்தால் ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் குறையும். இதில் புதிய துறைமுகத்தின் பங்கு எவ்வளவு, பழைய கற்சுவர்களின் பங்கு எவ்வளவு, புயல்களின் பங்கு எவ்வளவு என்பதில் மீனவரும் அரசும் முரண்பட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் திட்ட அனுமதியை நிலைநிறுத்திய தீர்ப்பிலேயே கரையோர மாற்றங்களைக் கண்காணிக்க ஏற்பாடு செய்யச் சொன்னது, 2022-இல் மாநில அரசு ஒரு வல்லுநர் குழுவையும் அமைத்தது. இத்தகைய வழக்கில் படக்காரர் செய்யக்கூடிய நேர்மையான உதவி, பூந்துறை, பனத்துறை, அடிமலைத்துறை என ஒவ்வோர் ஊரிலும் நகராத ஓரிடத்தை, பாறையையோ படிக்கட்டையோ தேர்ந்து, அதே உயரத்தில் அதே லென்ஸால், மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் காட்சி எடுத்து, தேதியையும் நேரத்தையும் ஓதத்தின் நிலையையும் குறித்துவைப்பதாகும். சலிப்பூட்டும் இந்த வேலைக்குப் பரிசும் கைத்தட்டலும் இல்லை. ஆனாலும் மக்கள் சொல்வதை ஐயுறுவோர் முன் நிற்கக்கூடியது அதுவே.

ஒலியைப் பற்றிப் பேசாமல் இத்தொழிலைப் பேச முடியாது. புறப்பொறி எஞ்சினின் இரைச்சலும் காற்றும் சேர்ந்து படகில் பேசப்படும் சொல்லை விழுங்கிவிடுகின்றன என்பதால், சட்டையில் பொருத்தும் ஒலிவாங்கியைத் துணிக்கடியில் மறைத்து, எஞ்சின் நிறுத்தப்பட்டு வலை விரிக்கப்படும் இடைவெளிகளுக்காகக் காத்திருப்பதே வழி. அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. தமிழும் மலையாளமும் பின்னிப் பிணைந்த தென்திருவிதாங்கூர்க் கடற்கரைப் பேச்சு, திருவனந்தபுரத்து நகரத்தவருக்கே முழுமையாக விளங்குவதில்லை, குமரி மாவட்டத்து மீனவருக்கோ உடனே விளங்கிவிடுகிறது. ஆகையால் இப்படங்களின் தொகுப்பறையில் தூத்தூரையோ குளச்சலையோ சேர்ந்த ஒருவர் அமர்ந்திருப்பது பல நாள் உழைப்பை மிச்சப்படுத்துவதோடு, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர் வழங்கும் பெயர்கள் வசனவரியில் வெறும் ‘காற்று’, ‘ஓட்டம்’ என்று தட்டையாகிவிடாமல் காக்கிறது.

விழிஞ்ஞம் ஒரே முகம் கொண்ட ஊரன்று. கோட்டப்புறத்தில் கத்தோலிக்க மீனவரும் அதற்கு அருகிலேயே முஸ்லிம் மீனவரும் ஒரே துறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். 1995-இல் இரு தரப்புக்கும் இடையே நிகழ்ந்த கலவரத்தின் வடு இன்னும் நினைவில் இருக்கிறது. பங்குத்தந்தையின் துணையோடு ஊருக்குள் நுழையும் குழு ஜமாஅத்தின் வாயிலை மிதிக்காமல் திரும்புவதும், அந்தப் பாதி ஊரையே முழு ஊராகக் காட்டுவதும் அடிக்கடி நிகழ்பவை. துறைமுகம் வந்தால் வேலை கிடைக்கும், நிலவிலை உயரும் என்று நம்பி 2022-இல் அதற்கு ஆதரவாக முல்லூர்ப் பக்கத்தில் பந்தலிட்டு அமர்ந்தவர்களும் அவ்வட்டாரத்து மக்களே. அவர்களை எதிரிகளாகவோ ஏமாந்தவர்களாகவோ சித்திரிக்காமல், அவர்களுடைய நம்பிக்கையை அவர்கள் வாயாலேயே கேட்கும் படம்தான் மீனவரின் மறுப்பையும் மதிப்புடையதாக்கும். அலைதடுப்பிற்கான கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோ படத்தைக் கரையிலிருந்து மலைக்கு இட்டுச் செல்கிறது: குமரி, நெல்லை மாவட்டக் குவாரிகளில் வெடித்தெடுக்கப்பட்ட பாறைகள் லாரிகளில் எல்லை தாண்டின, அதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் குரல்கள் எழுந்தன. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்தச் சாலையை முழுமையாகப் பின்தொடரும் ஒரு தமிழ்ப் படம் எடுக்கப்பட வேண்டியது எவ்வளவு தேவையோ, அவ்வளவு அவசரமும்கூட.

2017 நவம்பர் 30 அன்று தாக்கிய ஒக்கிப் புயல் இக்கரையின் படப்பதிவுகளில் தனி இடம் பெறுகிறது. எச்சரிக்கை காலத்தில் எட்டவில்லை, தேடுதல் தாமதமானது என்ற மக்களின் குற்றச்சாட்டைக் குமரிக் கரையில் இருந்து பதிவு செய்த திவ்யபாரதியின் ‘ஒருத்தரும் வரேல’ (2018), அரசியல் துணிவுக்குப் பெயர்பெற்றது. அதற்கு முந்தைய ‘கக்கூஸ்’ (2017) படத்தாலும் அவர் வழக்குகளையும் மிரட்டலையும் சந்தித்தார். துயர வீட்டில் கேமராவை வைப்பதற்கு இலக்கணம் ஏதுமில்லை என்றாலும், உடல் கிடைக்காத வீட்டில் இறந்தவர் என்ற சொல்லைக் கேட்பவர் முதலில் பயன்படுத்தலாகாது, அழுகைக்காகக் காத்திருக்கலாகாது, அழுகை வந்தால் அண்மைக்காட்சிக்கு நகரலாகாது. இவை நயத்தக்க நாகரிகம் மட்டுமல்ல. காப்பீடும் நிவாரணமும் உறுதிப்படாத நிலையில் ஒரு பெண் சொல்லும் ஒரு சொல் பின்னர் அலுவலகத்தில் அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். அதுபோலவே, 2022 நவம்பர் நிகழ்வுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பதியப்பட்ட சூழலில், தொகுக்கப்படாத காட்சிகளில் தெரியும் ஒவ்வொரு முகமும் ஒரு குடும்பத்தின் அச்சமாகிறது. எதை எடுப்பது என்பதோடு, எடுத்ததை எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்பதையும் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்யாத குழு, அந்த மக்களிடம் ஒப்புதல் கேட்கும் தகுதியைப் பெறவில்லை.

எடுத்த படம் கரைக்குத் திரும்புவது அடுத்த கடமை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள ஃபோகோ தீவில், மீனவரை வேறிடத்துக்குக் குடிபெயர்க்க அரசு எண்ணியிருந்த காலத்தில், 1967-இல் காலின் லோ என்னும் இயக்குநர் தேசியத் திரைப்பட வாரியத்தின் சார்பில் இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்து, அவற்றை முதலில் தீவினருக்கே காட்டி ஒப்புதல் பெற்றபின் அதிகாரிகளுக்குக் காட்டினார். தனித்தனி ஊர்களாகப் பிரிந்திருந்த தீவினர் திரையில் ஒருவரையொருவர் கேட்டு, கூட்டுறவு அமைத்துத் தீவிலேயே தங்கினர். ஜப்பானில் மினமாட்டா நோயாளிகளைப் படமாக்கிய சுச்சிமோட்டோ நோரியாக்கி, 1977-இல் ஷிரானுய் கடலோர ஊர்களில் அப்படங்களைத் திரையிட்டுக்கொண்டே பயணம் செய்தார். விழிஞ்ஞம் கரையில் திரையிடுவதற்கு ஊரின் நாட்காட்டியை அறிய வேண்டும்: கத்தோலிக்கர் ஞாயிற்றுக்கிழமையும் முஸ்லிம்கள் வெள்ளிக்கிழமையும் கடலுக்குப் போவதில்லை, ஆகவே ஒரே திரையிடலில் இரு தரப்பும் கூடுவது அரிது, இரண்டு திரையிடல்களுக்குத் திட்டமிடுவதே நடைமுறை. அந்தக் கூட்டத்தில், பாரின் பெயரைத் தவறாகச் சொன்ன வசனவரியைப் பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் உரக்கத் திருத்துவது எந்த விழா நடுவரின் மதிப்பீட்டையும்விடப் பயனுள்ளது.

சட்டம் இங்கே குறுக்கிடுகிறது. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி பொதுமக்களுக்குத் திரையிடத் தணிக்கைச் சான்று தேவை. விழாக்களுக்கு மட்டும் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு அளிக்கலாம். கேரள மாநிலச் சலச்சித்ர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழாவில் 2017-இல் மூன்று படங்களுக்கு அவ்விலக்கு மறுக்கப்பட்டது. 2019-இல் பட்வர்தனின் ‘விவேக்’ கேரள உயர் நீதிமன்றத்தின் அனுமதியால்தான் காட்டப்பட்டது. தனுஷ்கோடி மீனவரைப் பற்றிய லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ முதலில் சான்று மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தால் வெளியானது. அந்தத் தீர்ப்பாயமும் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், இனி மறுப்பை எதிர்ப்போர் உயர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டும். கோயில் முற்றத்தில் ஒரு மாலை படம் காட்ட எண்ணும் சிறு குழுவுக்கு இது தாங்கக்கூடிய சுமையன்று.

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியபின், கொல்லம், திருவனந்தபுரம் கரைகளில் நெகிழிக் குருணைகள் மணலோடு கலந்து ஒதுங்கின; அவற்றைச் சலித்தெடுத்தவர்களின் கைப்பேசிக் காட்சிகள் ஏராளமாக உள்ளன, அதே மணலின் முந்தைய நிலையைக் காட்டும் காட்சிகளோ சில இடங்களுக்கு மட்டுமே உள்ளன. துறைமுகத்தின் அடுத்த கட்ட விரிவாக்கத்தை 2028-க்குள் முடிக்கவும் அலைதடுப்பை மேலும் நீட்டவும் திட்டம் இருக்கிறது. அதற்குமுன் முல்லூருக்கும் அடிமலைத்துறைக்கும் இடைப்பட்ட பார்களின் பெயர்களும் கணிச்சங்களும், கரமடி இழுக்கும் மணல்திட்டுகளும், சிப்பிப் பாறைகளும் பருவத்திற்கு ஒருமுறையேனும் காட்சியாக்கப்பட்டு, ஒரு படி ஊரின் பள்ளியிலும் ஒரு படி தேவாலய நூலகத்திலும் ஒரு படி ஜமாஅத்திடமும் வைக்கப்பட வேண்டும். கணிச்சம் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கும்போதே, வரும் ஜூன் மாத மழையிலேயே, இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.